அழாத ஈயம்

முன்பு ஒரு நாடு இருந்தது. பெருமை என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஒரே ஒரு மலைதான். அந்த மலையை எங்கே வெட்டினாலும் வெள்ளீயம் வந்தது. பொன் கிடையாது, வெள்ளி கிடையாது, செம்பு கூடக் கிடையாது. அதனால் அங்கே பிள்ளைகள் உருட்டும் குதிரையும் ஈயம், அரசனின் சிம்மாசனத்துக் காலும் ஈயம். கோயில் மணியும் ஈயம்தான். அடித்தால் யாரோ சட்டியைத் தட்டுவது போலக் கேட்கும். சமையல் மட்டும் மண்பானையில். ஈயத்தை அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அந்நாட்டில் தெரியாதவர் இல்லை.

அந்த நாட்டை மகரகேது என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அடுத்தவரிடம் இருப்பது தன்னிடம் இல்லை என்றால் அவனுக்குச் சோறு இறங்காது. அந்த அடுத்தவர் அரசியின் அண்ணன் சூரசிம்மனாக இருந்துவிட்டால் தண்ணீரும் இறங்காது.

சூரசிம்மன் பக்கத்து நாட்டு அரசன். அவன் நாட்டில் இரும்பு விளைந்தது. அந்த ஆண்டு தங்கைக்குப் பொங்கல் சீர் அனுப்பியபோது கரும்பு, மஞ்சள், புடவையோடு ஓர் இரும்புப் பானையையும் சேர்த்து அனுப்பினான். கொண்டுவந்தவன் வாயில் ஒரு செய்தியும் இருந்தது. "எங்கள் நாட்டுப் பானை. எந்த அடுப்பில் வைத்தாலும் அசையாது. உங்கள் ஊர் ஈயம் போல நெருப்பைப் பார்த்ததும் அழுதுவிடாது."

அதைக் கேட்டு அரசி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அண்ணன் செய்த கேலிக்குத் தங்கை சிரித்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பு மகரகேதுவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மறுநாள் சபைக்கு வந்தவன் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அரசனின் முகம் வாடினால் அதைத் தேற்றுவதற்கென்றே அந்தச் சபையில் ஒருவன் இருந்தான். பெயர் மருதையன். விகடம் செய்வது அவன் வேலை.

"அரசே, ஈயம் அழுகிறது என்றால் யாரோ அதை வைதிருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னிடம் விடுங்கள். நெருப்பின் மேலேயே உட்கார வைத்து அதைச் சிரிக்க வைக்கிறேன்" என்றான்.

அரசன் சிரித்தான். அரசன் சிரித்ததால் சபையும் சிரித்தது. ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் ரசவாதி விருபாட்சர். மூலிகைச் சாறும் உலோகப் புகையும் ஏறி அவர் தாடி பாதி மஞ்சளாகியிருந்தது. உண்மையிலேயே கற்றவர். கண்ணை மூடிக்கொண்டு புகையை முகர்ந்து, உள்ளே உருகுவது இன்ன உலோகம் என்று சொல்லிவிடுவார். மருதையன் வருவதற்கு முன்பெல்லாம் அரசனின் வலப்பக்கத்து இருக்கை அவருடையது. அரசன் தாம்பூலம் தரித்தால் முதல் வெற்றிலை அவருக்குத்தான் வரும். மருதையன் வந்த பிறகு இருக்கை ஒன்று தள்ளிப்போனது. பிறகு இன்னொன்று தள்ளிப்போனது. வெற்றிலை அவரிடம் வரும்போது காம்பு கிள்ளாத முற்றல் இலையாக இருந்தது.

'நான் நெருப்பின் முன்னால் உட்கார்ந்து கண் கெட்டேன். இவன் வாயைத் திறந்தான், பட்டு வாங்கினான்' என்று அவர் மனம் புழுங்கியது. தனியே இருக்கும்போது அவரும் ஒன்றிரண்டு விகடம் சொல்லிப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

அன்று அரசன் சிரித்து முடித்ததும் விருபாட்சர் பக்கம் திரும்பினான். "ரசவாதியாரே, விளையாட்டு இருக்கட்டும். நம் ஈயத்தை நெருப்பில் உருகாமல் நிறுத்த வழி உண்டா?"

வெகு நாளைக்குப் பிறகு அரசன் கேட்ட கேள்வி. விருபாட்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அரசே, ஒவ்வொரு தாதுவுக்கும் ஒரு பொறுமை உண்டு. அந்த அளவு சூடு வரையில் தாங்கும், அதைத் தாண்டினால் உருகும். பாதரசத்துக்குப் பொறுமையே இல்லை. நெருப்பைக் காணும் முன்பே உருகி நிற்கிறது. கந்தகம் கொஞ்சம் தாங்கும். பிறகு நம் ஈயம், அதற்குப் பிறகு காரீயம், அதற்கும் மேலே துத்தநாகம். துத்தநாகம் உருகுவதோடு நிற்காது. வெள்ளி உருகத் தொடங்கும் முன்னே அது கொதித்து வெண்புகையாகப் பறந்தே போய்விடும். வெள்ளிக்கு மேல் பொன். பொன்னுக்கும் செம்புக்கும் நூலிழைதான் வித்தியாசம். எல்லாவற்றுக்கும் மேலே இரும்பு. இது படைத்தவன் வைத்த வரிசை. இதை மாற்ற என்னால் ஆகாது."

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பாதியிலேயே அரசன் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும் விருபாட்சருக்குள் ஏதோ அறுந்தது.

"என்னால் ஆகாது" என்று மறுபடியும் சொன்னார், குரலைத் தணித்துக்கொண்டு. "ஆனால் மருதையனால் ஆகும் போலிருக்கிறது. ஈயத்தை நெருப்பின் மேல் உட்கார வைப்பதாக இப்போதுதானே சபையறியச் சொன்னார்? விகடர் வாக்கு பொய்க்கலாமா? சூரசிம்ம மகாராசாவையே வரவழைத்து, அவர் கண்ணெதிரே நடத்திக் காட்டட்டும்."

மருதையனின் புன்னகை அப்படியே உறைந்தது. அதைக் கண்ட மற்றச் சபையோர் ஒருவர் முழங்கையால் ஒருவரை இடித்துக்கொண்டார்கள். விகடன் மாட்டிக்கொண்டதில் அவர்களுக்கும் உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. "ஆமாம், நடத்திக் காட்டட்டும்!" என்று நாலா பக்கமும் குரல் எழும்பியது.

மைத்துனன் முன்னால் தன் ஈயம் நிமிர்ந்து நிற்பதை மகரகேது மனக்கண்ணில் பார்த்துவிட்டான். பிறகு அவனைத் தடுக்க யாரால் முடியும்?

"மருதையா, சொன்னதைச் செய். ஈயச் செம்பு ஒன்றை அடுப்பில் ஏற்று. எரிகிற நெருப்பிலிருந்து அதை எடுக்கக் கூடாது. நெருப்பைத் தணிக்கக் கூடாது. என் மைத்துனர் தம் வாயால் போதும் என்று சொல்லும்வரை செம்பு உருகாமல் நிற்க வேண்டும். நின்றால் கேட்டது கிடைக்கும். அவர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்தாயோ, இந்த நாட்டில் உனக்கு இடமில்லை."

மருதையன் வீட்டுக்கு வந்து அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்தான். மனைவி தைலம்மை இலை போட்டாள். அவன் கை வைக்கவில்லை.

"அரண்மனையிலன்னா வாய் ஓயாது, எங்கிட்ட வந்தா மட்டும் வாயில கொழுக்கட்டை" என்றாள் தைலம்மை. "அந்த ராசாவுக்கு மட்டும் என்ன கொடுப்பினையோ! நாள் முச்சூடும் உங்க பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறாரு. எனக்குன்னு ஒரு சிரிப்பு மிச்சம் வச்சுக் கொண்டாந்திருக்கீங்களா என்னிக்காவது?"

"இனிமே நாள் முச்சூடும் உன்கூடத்தான் இருப்பேன் தைலு. எந்த ஊருன்னுதான் தெரியல" என்று நடந்ததைச் சொன்னான்.

தைலம்மை திட்டுவதை நிறுத்தினாள். பிறகு, "முதல்ல சாப்பிடுங்க. ரசம் கொதிக்குது, கரண்டி உள்ளேயே கெடக்கு பாருங்க, எடுத்து ஊத்திக்கிடுங்க" என்றாள்.

மருதையன் துணியால் பிடித்துக் கரண்டியை எடுத்தான். எடுத்தவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அது ஈயக் கரண்டி. அது எவ்வளவு நேரமாகக் கொதிக்கிற ரசத்தில் கிடந்ததோ! கொஞ்சம் கூட நெளியவில்லை.

"போன மாசம் ஒரு கரண்டி அடுப்புல விழுந்துச்சே, என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள தண்ணியா ஓடிப்போச்சு."

"அந்த நெருப்பும் இந்த நெருப்பும் ஒண்ணுதானே? ரசத்துக்குள்ள கெடந்தா ஏன் ஓடல?"

"ரசம் கொதிக்கத்தானே செய்யும்? எவ்வளவு விறகு வச்சாலும் கொதிச்சு ஆவியாப் போகும். அதுக்கு மேல அதுக்கு என்ன கோபம் வரும்?" என்றாள் தைலம்மை, அப்பளத்தைத் திருப்பிக்கொண்டே.

மருதையன் கரண்டியைக் கீழே வைத்தான். மாடத்தில் இருந்த ஈயக் கிண்ணத்தை எடுத்து, விளிம்பு வரை ரசம் ஊற்றி, கனலின் மேலேயே வைத்துவிட்டான். தைலம்மை 'ஐயோ' என்று கத்தினாள். கிண்ணம் அசையவில்லை. ரசம் தளதளவென்று கொதித்தது. கொதித்துக் கொதித்துக் குறைந்தது. குறையக் குறைய, ரசம் விலகிய இடத்தில் விளிம்பு மெல்லத் தொய்ந்தது. கடைசிச் சொட்டு வற்றியதும் கிண்ணத்தின் அடி கழன்று சாம்பலில் வெள்ளித் துளிகளாக ஓடியது.

"எங்கம்மா வீட்டுக் கிண்ணம்!" என்று தைலம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

மருதையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றைக்கு அவளுக்கென்று சிரித்த சிரிப்பு அது. பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான்.

மறுநாள் சபையில் கைகட்டி நின்றான்.

"அரசே, செம்பின் மேல் மண் பூச மாட்டேன். வேறு உலோகம் கலக்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். செம்புக்குள்ளே கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொள்ள அனுமதி வேண்டும்."

அரசன் விருபாட்சரைப் பார்த்தான். ரசவாதி தாடிக்குள் சிரித்துக்கொண்டார். அவர் அறிந்த ரசம் பாதரசம் ஒன்றுதான். பாதரசம் கொதிப்பதற்கு முன்பே ஈயம் உருகிவிடும். அது மட்டுமா? பாதரசம் ஈயத்தைத் தொட்டால் கறையான் மரத்தைத் தின்பது போலத் தின்றுவிடும். நெருப்பே தேவையில்லை. 'தன் குழியைத் தானே தோண்டுகிறான் மடையன்' என்று எண்ணினார். எச்சரிக்கவும் அவருக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை.

"தாராளமாக ஊற்றிக்கொள்ளட்டும் அரசே" என்றார். "எவ்வளவு ரசம் வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளட்டும்."

"சபை கேட்டதல்லவா?" என்றான் மருதையன்.

"கேட்டது, கேட்டது" என்றார்கள் எல்லோரும்.

குறித்த நாளில் சூரசிம்மன் வெயிலில் நெடுந்தூரம் குதிரை ஏறி வந்து சேர்ந்தான். உச்சிப்பொழுது. அரண்மனை முற்றத்தில் அடுப்பு மூட்டியிருந்தது. வைரம் பாய்ந்த புளியங்கட்டைகளை விருபாட்சரே பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தார். துருத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, உங்கள் ஈயத்துக்குக் கண்ணீர் துடைக்கத் துணி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுச் சூரசிம்மன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

மகரகேது பல்லைக் கடித்துக்கொண்டான். "முதலில் பாருங்கள் மச்சான். நீங்கள் போதும் என்ற பிறகுதான் பந்தி."

மருதையன் புத்தம்புதிய ஈயச் செம்பைக் கையில் ஏந்தி வந்தான். அவன் பின்னால் இரண்டு ஆட்கள் பெரிய பெரிய மண்குடங்களைத் தூக்கி வந்தார்கள். குடத்தைச் சாய்த்தான். புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் மணக்க, ஆவி பறக்கும் ரசம் செம்பை நிறைத்தது.

விருபாட்சர் துள்ளி எழுந்தார். "இது என்ன அக்கிரமம்! இது ரசமே அல்ல!"

"ஐயா, அதை என் மனைவி முன்னால் சொல்லிப் பாருங்கள்" என்றான் மருதையன்.

சூரசிம்மன் முதலாக எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அரசனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரசவாதியாரே, அவன் ரசம் என்று கேட்டான். நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் என்றீர்கள். சபை கேட்டது" என்றான்.

செம்பு நெருப்பில் ஏறியது. சுற்றிலும் தீ நாக்கு நீட்டியது. ரசம் கொதித்தது. செம்பு நின்றது. சூரசிம்மன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உற்றுப் பார்த்தான். அப்படியும் நின்றது. வந்தவர்கள் மூக்கைச் சுருக்கி மணத்தை உறிஞ்சினார்கள். வற்ற வற்ற மருதையன் குடத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தான்.

விருபாட்சருக்குப் பொறுக்கவில்லை. மேலாடையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு தாமே துருத்தி ஊதத் தொடங்கினார். ஊத ஊத நெருப்பு வெளுத்தது. ரசம் பொங்கிப் பொங்கி ஆவியானது. மருதையன் கணக்கிட்டதைவிட வேகமாக வற்றியது. முதல் குடம் ஒழிந்தது. இரண்டாவது குடமும் அடியைத் தொட்டது. மருதையனின் முதுகு வேர்த்தது.

"போதுமா மச்சான்?" என்று அரசன் கேட்டான்.

"அவசரம் என்ன மாப்பிள்ளை? இப்போதுதானே கண் கலங்குகிறது" என்றான் சூரசிம்மன். அவன் விரல் செம்பின் வாயைச் சுட்டிக் காட்டியது. உண்மைதான். ரசம் தாழ்ந்த ஒரு பக்கத்தில் விளிம்பு லேசாக உதடு பிதுக்கியது.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. விருபாட்சர் இன்னும் வேகமாக ஊதினார்.

மருதையன் குடத்தைக் கவிழ்த்து, கடைசி ரசத்தையும் ஊற்றினான். இனி ஊற்ற ஒன்றும் இல்லை. அவன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பக்கத்து நாட்டிலிருந்து வந்த சின்ன இரும்புக் கரண்டியில் நெய்யைக் காய்ச்சி, கடுகு, பெருங்காயம், மிளகாய் வந்திராத அந்தக் காலத்தில் அதற்குப் பதிலாக ஒடித்த திப்பிலி, உருவிய கறிவேப்பிலை எல்லாவற்றையும் போட்டான். படபடவென்று வெடித்தது. அப்படியே செம்பில் கொட்டினான். 'சொய்ங்' என்று ஓர் ஓசை. அதைத் தொடர்ந்து எழுந்த மணம் முற்றத்தைத் தாண்டி, மதிலைத் தாண்டிப் போயிற்று. வாசலில் நின்ற காவலர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சூரசிம்மன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. குதிரைக்காவது வழியில் புல் கிடைத்தது.

"அதை... கொஞ்சம் கிண்ணத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள் மாப்பிள்ளை" என்றான் எச்சிலை விழுங்கிக்கொண்டு.

மருதையன் தலை வணங்கினான். "மகாராசா மன்னிக்க வேண்டும். நெருப்பு எரியும்வரை ஒரு கரண்டி கூட எடுப்பதற்கில்லை. எடுத்தால் ஈயம் அழும். தாங்கள் அதைத்தான் பார்க்க வந்தீர்கள். இன்னும் சற்றுப் பொறுத்தால் முழுக்க வற்றிவிடும். அப்போது ஈயம் உருகும், தங்களுக்கு வெற்றி. ரசம்தான் இருக்காது."

செம்பு கொதித்தது. ரசம் இன்னும் ஒரு விரல் தாழ்ந்தது. சூரசிம்மன் செம்பைப் பார்த்தான். மைத்துனனைப் பார்த்தான். மறுபடி செம்பைப் பார்த்தான்.

"போதும்!" என்று கத்தினான். "போதும் போதும்! வற்றிவிடப் போகிறது, இறக்கித் தொலையுங்களேன்!"

மகரகேது இருக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். செம்பு இறங்கியது, கிண்ணங்கள் வந்தன. சூரசிம்மன் ஊதி ஊதிக் குடித்து, செம்பைத் தட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை, இதில் ஒன்று எனக்கும் வேண்டும். எங்கள் இரும்புப் பானையில் புளி கொதித்தால் ரசம் கறுத்துத் துரு வாடை அடிக்கிறது" என்று ஒப்புக்கொண்டான். அந்த ஒரு சொல்லுக்காகவே மகரகேது தன் கையில் கிடந்த பொன் கடகத்தைக் கழற்றி மருதையனுக்கு அணிவித்தான். ஈய மலையடிவாரத்தில் அவனுக்கு ஒரு தோப்பையும் எழுதிக் கொடுத்தான்.

விருபாட்சர் துருத்தியின் அருகில் சாம்பல் படிந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அரசனே திரும்பிப் பார்த்தான்.

"ரசவாதியாரே, இத்தனை ஊதியும் ஏன் உருகவில்லை?"

பொய் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் கற்ற கல்வி விடவில்லை. "அரசே, தண்ணீருக்கும் ஒரு எல்லை உண்டு. கொதிக்கத் தொடங்கிவிட்டால் அதற்கு மேல் சூடேறாது. வாங்கும் சூட்டையெல்லாம் ஆவியாக்கி அனுப்பிவிடும். அந்த எல்லை ஈயம் உருகும் எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அதனால் உள்ளே ரசம் உள்ளவரை ஈயத்தை யாராலும் உருக்க முடியாது. எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை." கையில் படிந்த சாம்பலைத் தட்டிவிட்டார். "இன்று இந்த முற்றத்தில் இரண்டு பாத்திரங்கள் எரிந்தன அரசே. ஒன்றுக்கு மருதையன் ரசம் ஊற்றினான். இன்னொன்று என் வயிறு. அது இவன் சபைக்கு வந்த நாளிலிருந்து எரிகிறது. வெறும் பாத்திரம். ஊற்றத்தான் ஆளில்லை."

அவர் விகடமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அரசன் ஒரு கணம் திகைத்து, பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். சூரசிம்மனுக்குப் புரையேறியது. அரசன் எழுந்து வந்து, தன் கிண்ணத்தையே விருபாட்சரின் கையில் கொடுத்து, தோளைப் பற்றித் தன் வலப்பக்கத்தில் உட்கார வைத்தான். "எங்கே, இன்னொரு முறை சொல்லும்!" என்றான். கிழவர் இன்னொரு முறை சொன்னார். அரசன் இன்னும் பலமாகச் சிரித்தான். விருபாட்சரின் மஞ்சள் தாடி ஆடியது, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மருதையன் புதுக் கடகத்தைத் தடவிக்கொண்டு அதைப் பார்த்தான். அரசன் அப்படிச் சிரித்து, அந்தச் சிரிப்பு தன்னால் வராமல் இருந்தது அதுவே முதல் முறை. அடிவயிற்றில் சுருக்கென்று ஏதோ சுட்டது.

செம்பின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மருதையன் அவசரமாக ஒரு கிண்ணத்தை எடுத்து அதைத் தனக்கு ஊற்றிக்கொண்டான்.